திறமூலத் திட்டத்துக்கு வழக்கறிஞர் நோட்டீஸ் வந்தால்: முன்பும் பின்பும் செய்ய வேண்டியவை

2024 ஏப்ரல் தொடக்கத்தில் நிரலை எவரும் படிக்கவும் மாற்றவும் பகிரவும் அனுமதிக்கும் திறமூலத் திட்டங்களில் ஒன்றான ஓப்பன்டோஃபுவின் பொறுப்பாளர்களுக்கு ஹாஷிகார்ப் நிறுவனத்தின் சார்பில் ஒரு வழக்கறிஞர் நோட்டீஸ் வந்தது. கணினிக் கட்டமைப்புகளை நிரல்வழி அமைக்க உதவும் டெராஃபார்ம் மென்பொருளின் உரிமத்தை அந்நிறுவனம் 2023 ஆகஸ்டில் கட்டுப்பாடுகள் மிகுந்த வணிக உரிமமாக மாற்றியபோது, அதுவரை எம்பிஎல் என்ற திறமூல உரிமத்தில் வெளியாகியிருந்த பழைய நிரலிலிருந்து கிளைத்து உருவானதே ஓப்பன்டோஃபு. உரிமம் மாறிய பிறகு டெராஃபார்மில் எழுதப்பட்ட ‘ரிமூவ்டு’ என்ற பகுதியின் நிரலை ஓப்பன்டோஃபு நகலெடுத்துவிட்டது என்பது நோட்டீஸின் குற்றச்சாட்டு. சுமார் ஒரு வாரத்தில் பதில் போயிற்று. அந்தப் பதிலில் இரு தரப்பு நிரலும் அடுத்தடுத்து வைக்கப்பட்டு, இரண்டுமே பழைய எம்பிஎல் நிரலில் முன்பே இருந்த ‘மூவ்டு’ என்ற பகுதியைப் பின்பற்றி எழுதப்பட்டவை என்பதும், இரண்டும் ஒத்திருப்பதற்கு அதுவே காரணம் என்பதும் பகுதி பகுதியாகக் காட்டப்பட்டிருந்தன.

இப்படியொரு பதிலை ஒரே வாரத்தில் எழுத முடிந்தது நல்ல வழக்கறிஞர்கள் கிடைத்ததால் மட்டும் அன்று. எந்த வரி எங்கிருந்து வந்தது என்பது, அந்த வரி சேர்க்கப்பட்ட நாளிலேயே, நிரலையும் அதன் மாற்ற வரலாற்றையும் சேமிக்கும் களஞ்சியத்தில் பதிவாகியிருந்தது. வழக்குக்கு முன் எழுதி வைத்ததுதான் வழக்கில் பேசும் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை. பெரிய நிறுவனத்தின் பின்புலம் இல்லாமல், சில தன்னார்வலர்களோடு ஒரு திட்டத்தை நடத்திவரும் பராமரிப்பாளர்களை மனத்தில் வைத்து இது எழுதப்படுகிறது. இது வழக்கறிஞரின் ஆலோசனைக்கு மாற்றாகாது. வழக்கறிஞரிடம் வெறுங்கையோடு போய் நிற்காமல் இருப்பதற்கான வழிகளையே கூறுகிறது.

எந்த உரிமையின் பெயரால் வருகிறார்கள்?

நோட்டீஸ் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, எதிர்த்தரப்பு எந்தச் சட்டத்தின் கீழ் பேசுகிறது என்பதே. பதிப்புரிமை வழக்கில் கேள்வி நகலெடுத்தீர்களா என்பது. அவர்களது நிரலைப் பாராமல் நீங்களே எழுதியதாக நிறுவிவிட்டால் வழக்கு நிற்காது. காப்புரிமை (பேட்டன்ட்) வழக்கில் அந்த வாதம் பயன்படாது. எதிர்த்தரப்பின் பெயரையே கேள்விப்படாமல் சொந்தமாகச் சிந்தித்து எழுதியிருந்தாலும், காப்புரிமைப் பத்திரத்தில் உள்ள கோரல்களுக்குள் (தமக்கே உரியது என்று அவர்கள் வரையறுத்த எல்லைகளுக்குள்) உங்கள் மென்பொருளின் செயல்பாடு அடங்கினால் அது மீறலாகவே கருதப்படும். வணிகச் சின்ன வழக்கில் நிரலைப் பற்றிய பேச்சே இல்லை. பெயரையும் சின்னத்தையும் பார்த்துப் பயனர்கள் குழம்பக்கூடுமா என்பதுதான் கேள்வி. இவற்றுக்கு அப்பால் தொழில் ரகசியம், ஒப்பந்த மீறல், நகலெடுப்பைத் தடுக்கும் மின்னணுப் பூட்டுகளை உடைக்கும் தொழில்நுட்பத்துக்கு எதிரான சட்டங்கள் ஆகியவையும் உள்ளன. லினக்ஸ் என்ற திறமூல இயங்குதளத்துக்கு எதிரானதாகப் பேசப்பட்ட, யூனிக்ஸ் இயங்குதளத்தின் உரிமை தன்னுடையது என்று கூறிய எஸ்சிஓ நிறுவனத்தின் வழக்குகூட, 2003 மார்ச்சில் ஐபிஎம் மீது தொடுக்கப்பட்டபோது ஒப்பந்தத்தையும் தொழில் ரகசியத்தையும் முன்வைத்ததே தவிரப் பதிப்புரிமையை முன்வைக்கவில்லை. நோட்டீஸில் இவை எல்லாம் ஒன்றாகக் கலந்து எழுதப்பட்டிருப்பது வழக்கம் என்பதால், ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அது எந்த உரிமையைச் சேர்ந்தது என்று குறித்துக்கொண்டு படிப்பது நல்லது.

நிரலின் பிறப்புச் சான்று

பராமரிப்பாளரின் கையில் முழுமையாக இருக்கும் பாதுகாப்பு இது ஒன்றே. ஆகவே அதிக நேரத்தை இதற்கே செலவிட வேண்டும்.

எஸ்சிஓ நிறுவனம் ஐபிஎம்மிடம் முதலில் 100 கோடி டாலரும் பின்னர் 500 கோடி டாலரும் இழப்பீடாகக் கோரியது. 2003 மே மாதத்தில், லினக்ஸைப் பயன்படுத்தினால் சட்டச் சிக்கல் வரலாம் என்று சுமார் 1,500 நிறுவனங்களுக்குக் கடிதம் அனுப்பியது. அதே ஆண்டு ஆகஸ்டில் தனது மாநாட்டில், திருடப்பட்டவை என்று கூறிச் சில நிரல் வரிகளைத் திரையிட்டது. திரையில் தெரிந்த அந்தச் சில வரிகளை வைத்தே திறமூல உலகத்தினர் அவற்றின் பூர்வீகத்தைத் தேடிப் பிடித்தனர். ஒரு பகுதி, பிஎஸ்டி என்ற திறமூல உரிமத்தில் வெளியான, வலைப்பின்னல் தரவுப் பொதிகளை வடிகட்டும் நிரலைச் சார்ந்தது என்பது சில நாட்களிலேயே வெளிப்பட்டது. யூனிக்ஸின் பதிப்புரிமை எஸ்சிஓவிடம் இல்லை, நோவெல் நிறுவனத்திடமே உள்ளது என்று 2010இல் நடுவர் குழு முடிவு செய்தது. ஆயினும் ஐபிஎம்முடனான வழக்கு 2021இல்தான், 1 கோடியே 42.5 லட்சம் டாலர் சமரசத்தில் முடிந்தது. பதினெட்டு ஆண்டுகள்.

இந்த வழக்கு விட்டுச்சென்ற நல்ல பழக்கம் ஒன்று உண்டு. லினக்ஸின் மையப் பகுதியான கருவுக்கு வரும் ஒவ்வொரு மாற்றத்தின் கீழும் ‘சைன்ட்-ஆஃப்-பை’ என்ற வரி இருக்க வேண்டும் என்ற நடைமுறை 2004இல் கொண்டுவரப்பட்டது. இந்த நிரலை நான் எழுதினேன், அல்லது பொருத்தமான உரிமத்தில் கிடைத்ததை எடுத்தேன், இதை அளிக்கும் உரிமை எனக்கு உண்டு என்று பங்களிப்பவர் தம் பெயரில் உறுதி கூறும் ஒரு பக்க ஆவணமே அதன் பின்னணி. மாற்றத்தைக் களஞ்சியத்தில் பதியும் கமிட் கட்டளையில் அதற்கென உள்ள விருப்பத்தைச் சேர்த்தால் வரி தானாகவே பதிந்துவிடும்; அது இல்லாத மாற்றங்களைச் சேர்க்காமல் தடுக்கும் சிறு சோதனைக் கருவிகளும் உள்ளன. பங்களிப்பாளர் ஒவ்வொருவரிடமும் நீண்ட ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கும் முறையைச் சில நிறுவனங்கள் பின்பற்றுகின்றன. சிறிய திட்டங்களுக்கு அது தேவையற்ற சுமை என்பது என் கருத்து: அத்தகைய ஒப்பந்தம் பெரும்பாலும் உரிமத்தைப் பின்னாளில் மாற்றும் அதிகாரத்தை ஒருவர் கையில் சேர்க்கவே பயன்படுகிறது.

கையொப்ப வரி மட்டும் போதாது. வெளியிலிருந்து ஒரு செயல்கூறை (ஃபங்ஷனை) எடுத்துச் சேர்த்தால், எந்தத் திட்டம், எந்தக் கமிட், அன்று அதற்கு என்ன உரிமம் என்ற மூன்றையும் கமிட் செய்தியிலேயே எழுத வேண்டும். டெராஃபார்ம் போல உரிமம் நடுவில் மாறிய திட்டங்களில் இந்தத் தேதி தலையெழுத்தையே மாற்றும். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற நிரலாளர் கேள்வி-பதில் தளத்தில் கிடைக்கும் விடைகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் உள்ளவை. எழுதியவரைக் குறிப்பிட வேண்டும், அதே உரிமத்தில் பகிர வேண்டும் என்ற நிபந்தனைகள் அதற்கு உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதித் தந்த பகுதிகளுக்கும், எந்தக் கருவி என்பதையாவது குறித்து வைப்பது பின்னாளில் உதவும்.

இன்னொரு வாசல், வேலை மாறி வரும் நிரலாளர்கள். ஆரக்கிள் கூகுள் மீது தொடுத்த ஜாவா வழக்கில், லட்சக்கணக்கான வரிகளைச் சல்லடை போட்டுச் சலித்தபின் எஞ்சிய நேரடி நகல்களில் ஒன்று ‘ரேஞ்ச்செக்’ என்ற ஒன்பது வரிச் செயல்கூறு. ஒரு பட்டியலின் எல்லைகள் சரியா என்று பார்க்கும் மிக எளிய நிரல் அது. ஜாவாவை உருவாக்கிய, பின்னர் ஆரக்கிள் வாங்கிய சன் நிறுவனத்தில் இருந்தபோது அதை எழுதியவரே பிற்பாடு கூகுளில் பணியாற்றியபோது மீண்டும் பயன்படுத்தியிருந்தார். எழுதிய கை ஒன்றே ஆனாலும் உரிமை பழைய முதலாளியிடம் இருக்கிறது. ஆகவே பணியில் இருப்பவர் பங்களித்தால், ஓய்வு நேரப் பங்களிப்புக்கு நிறுவனம் ஆட்சேபிக்கவில்லை என்ற மின்னஞ்சல் ஒன்றை அவர் பெற்று வைத்திருப்பது இரு தரப்புக்கும் நல்லது.

ஒரு வணிக மென்பொருளோடு இணைந்து இயங்கும் மாற்றை எழுதுகிறீர்கள் என்றால் எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும். அசல் மென்பொருளை ஆராய்ந்து அதன் நடத்தையை விவரிப்பவர் ஒருவராகவும், அந்த விவரிப்பை மட்டுமே படித்து நிரல் எழுதுபவர் வேறொருவராகவும் இருக்க வேண்டும். விண்டோஸுக்கு மாற்றாக எழுதப்படும் ரியாக்ட்ஓஎஸ் திட்டத்தில், சில பகுதிகள் அசலைப் பிரித்துப் பார்த்து எழுதப்பட்டவை என்ற ஐயம் 2006 தொடக்கத்தில் எழுந்தது. யாரும் வழக்குப் போடவில்லை. அப்படியிருந்தும் திட்டத்தினர் முழு நிரலையும் தணிக்கை செய்ய வேண்டியதாயிற்று. மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசப் பயன்படும் இடைமுகங்களைப் பொறுத்தவரை நிலைமை ஓரளவு தெளிந்திருக்கிறது. மென்பொருளின் செயல்பாட்டுக்கும் நிரல்மொழிக்கும் பதிப்புரிமை இல்லை என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2012இல் எஸ்ஏஎஸ் வழக்கில் கூறியது. சுமார் 11,500 வரி ஜாவா இடைமுக அறிவிப்புகளை கூகுள் ஆண்ட்ராய்டில் பயன்படுத்தியது நியாயமான பயன்பாடே என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் 6-2 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஆனால் இடைமுகத்துக்குப் பதிப்புரிமை உண்டா என்ற அடிப்படைக் கேள்விக்கு அது விடையளிக்காமலே விட்டது. நியாயமான பயன்பாடு என்பது ஒவ்வொரு வழக்கிலும் புதிதாக நிறுவ வேண்டிய வாதம். அதை நிறுவ கூகுளுக்கே பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று.

காப்புரிமை

இங்கே பதிவேடு பெரிதாக உதவாது. உரிமமும் கூட்டணியும்தான் உதவும். எம்ஐடி, பிஎஸ்டி உரிமங்களில் காப்புரிமை பற்றி வெளிப்படையாக ஒரு சொல்லும் இல்லை. அப்பாச்சி 2.0 உரிமமோ, பங்களிப்பவர் ஒவ்வொருவரும் தம் பங்களிப்பு தொட்டுச்செல்லும் தம் காப்புரிமைகளுக்கு அனுமதி அளித்துவிட்டதாகக் கொள்கிறது. அந்த மென்பொருள் காப்புரிமையை மீறுகிறது என்று யார் வழக்குத் தொடுத்தாலும், அந்த மென்பொருளுக்காக அவருக்குக் கிடைத்த காப்புரிமை அனுமதி அன்றே ரத்தாகும். மாற்றி வெளியிடுவோரும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும் என்னும் ஜிபிஎல் உரிமத்தின், 2007இல் வெளியான 3ஆம் பதிப்பிலும் காப்புரிமை விதிகள் உண்டு. நிறுவனங்களிலிருந்து பங்களிப்புகள் வரும் என்று எதிர்பார்க்கும் புதிய திட்டம் இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை.

ஓப்பன் இன்வென்ஷன் நெட்வொர்க் என்ற அமைப்பு 2005இல் தொடங்கப்பட்டது. லினக்ஸ் அமைப்பின் பகுதிகளாக அது வரையறுக்கும் மென்பொருள்கள் தொடர்பாக உறுப்பினர்கள் ஒருவர்மீது ஒருவர் காப்புரிமையைப் பயன்படுத்துவதில்லை என்பது உடன்பாடு. லினக்ஸும் பிற திறமூல மென்பொருள்களும் தனது 235 காப்புரிமைகளை மீறுவதாக 2007இல் கூறியிருந்த மைக்ரோசாஃப்ட், 2018 அக்டோபரில் இதில் சேர்ந்தது. ஆனால் இந்தக் கேடயத்துக்கு ஒரு வரம்பு உண்டு. எந்தப் பொருளையும் தயாரிக்காமல், காப்புரிமைகளை வாங்கி வழக்குப் போட்டே பிழைக்கும் நிறுவனங்களுக்கு எதிர்வழக்கைப் பற்றி அச்சமில்லை; அவர்களிடம் மீறுவதற்கு ஒன்றும் இல்லை அல்லவா? அத்தகையவர்களை எதிர்கொள்ளும் வழி, காப்புரிமையையே செல்லாததாக்குவதுதான். காப்புரிமை விண்ணப்பத் தேதிக்கு முன்பே அந்த உத்தி புழக்கத்தில் இருந்ததற்கான சான்று அதற்குத் தேவை. பழைய வெளியீடுகள், பழைய ஆவணங்கள், தேதியோடு கூடிய அஞ்சல் குழு விவாதங்கள் ஆகியவற்றை இடம்பெயர்க்கும்போது தூக்கி எறியாமல் பேணிக் காத்தால், உங்களுக்கோ வேறொரு திட்டத்துக்கோ அவை ஒருநாள் உதவும்.

பொது விவாதங்களில், இது இன்னாருடைய காப்புரிமையை மீறுகிறதோ என்ற ஊகங்களை எழுத வேண்டாம் என்று பங்களிப்பாளர்களிடம் சொல்லி வையுங்கள். தெரிந்தே மீறியதாக நிறுவப்பட்டால் இழப்பீட்டை மூன்று மடங்கு வரை உயர்த்த அமெரிக்கச் சட்டம் நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. வழிப்போக்கர் ஒருவரின் ஊகம், பிற்காலத்தில் ‘இவர்களுக்கு முன்பே தெரியும்’ என்பதற்குச் சாட்சியாகிவிடக்கூடும்.

பெயர்

இதை விரைவாகவே சொல்லிவிடலாம். பிரபலமான சேவையின் பெயரை உங்கள் திட்டத்தின் பெயருக்குள் வைக்காதீர்கள். ஏஓஎல் நிறுவனத்தின் ‘எய்ம்’ சின்னத்தால் எழுந்த தகராறில் கெய்ம் என்ற அரட்டை மென்பொருள் 2007இல் பிட்ஜின் ஆனது. ஹட்சன் என்ற நிரலாக்கக் கருவியின் பெயர் மீது ஆரக்கிள் உரிமை கோரியதால் அதன் நிரலாளர்களில் பெரும்பாலோர் 2011இல் ஜென்கின்ஸ் என்ற பெயரில் வெளியேறினர். இரண்டும் பெயர் மாறியும் வாழ்ந்தன. வணிகச் சின்ன வழக்கில் இறுதிவரை போராடுவது பெரும்பாலும் வீண் செலவு. கோரிக்கை ஓரளவேனும் நியாயமானதாக இருந்தால், பெயரை மாற்ற நியாயமான கால அவகாசம் கேட்டுப் பெற்று மாற்றிவிடலாம்.

நீக்கக் கோரிக்கை வந்தால்

நீதிமன்றத்துக்குப் போகாமலே ஒரு திட்டத்தை முடக்க நிறுவனங்கள் கையாளும் எளிய வழி, களஞ்சியத்தை வைத்திருக்கும் தளத்துக்கு அமெரிக்காவின் டிஎம்சிஏ என்ற மின்னணுப் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் நீக்கக் கோரிக்கை அனுப்புவது. பதிப்புரிமை மீறல் என்ற காரணத்தால் நீக்கப்பட்டால் நீங்கள் எதிர் அறிவிப்பு தரலாம்; எதிர்த்தரப்பு வழக்குத் தொடுக்காவிட்டால், அது கிடைத்த 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் தளம் உங்கள் நிரலை மீட்டளிக்க வேண்டும். எதிர் அறிவிப்பில் உங்கள் உண்மைப் பெயரும் முகவரியும் இடம்பெற வேண்டும், அது எதிர்த்தரப்புக்குப் போகும். பொய்யுரைத்தால் தண்டனை உண்டு என்ற உறுதிமொழியோடு, அமெரிக்க நீதிமன்றத்தின் அதிகார வரம்புக்கு உட்படுவதாகவும் நீங்கள் ஒப்புக்கொள்கிறீர்கள். வேறு நாட்டில் வசிப்பவர் இந்த ஒப்புதலின் பொருளை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டறியாமல் பொத்தானை அழுத்தக் கூடாது.

கோரிக்கை பூட்டு உடைப்புத் தடையான 1201ஆம் பிரிவின் கீழ் வந்திருந்தால், சட்டம் வகுத்த இந்த எதிர் அறிவிப்பு வழி அதற்குப் பொருந்தாது. யூடியூப் காணொலிகளைப் பதிவிறக்கும் யூடியூப்-டிஎல் என்ற திட்டத்துக்கு 2020 அக்டோபரில் நேர்ந்தது இதுவே. அமெரிக்க இசைப்பதிவுத் துறையின் சங்கமான ஆர்ஐஏஏ, சோதனை நிரல்களில் சில பிரபல பாடல் காணொலிகளின் முகவரிகள் உதாரணமாக இடம்பெற்றிருந்ததையும் தன் கோரிக்கையில் சுட்டிக்காட்டியிருந்தது. இணைய உரிமைகளுக்காகப் போராடும் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷனின் வழக்கறிஞர்கள் மென்பொருள் செயல்படும் விதத்தை விளக்கிக் கடிதம் எழுதினர். அந்த முகவரிகளும் நீக்கப்பட்டன. நவம்பர் நடுவில், களஞ்சியத்தை வைத்திருந்த கிட்ஹப் தளம் அதை மீட்டளித்ததோடு, நிரலாளர்களின் பாதுகாப்புக்கென 10 லட்சம் டாலர் நிதியையும் அறிவித்தது. உங்கள் சோதனைக் கோப்புகளையும் கையேடுகளையும் இன்றே ஒருமுறை அந்தக் கண்ணோடு பாருங்கள். உதாரணத்துக்கு வைத்த ஒரு படம், ஒரு பாடல், ஒரு விளையாட்டின் பெயர், திட்டத்தின் நோக்கமே திருட்டு என்று வாதிட எதிர்த்தரப்புக்குப் போதும். நின்டெண்டோ 2024 பிப்ரவரியில் அதன் விளையாட்டுக் கருவியைப் போலவே கணினியில் இயங்கும் யுசு என்ற எமுலேட்டர் மென்பொருளின் மீது தொடுத்த வழக்கில், அதன் தொடக்க வழிகாட்டியும் ஆதரவாளர்களிடமிருந்து வந்த மாத வருமானமும் விரிவாக எடுத்தாளப்பட்டன. சில நாட்களிலேயே 24 லட்சம் டாலர் சமரசத்தோடு திட்டம் மூடப்பட்டது. களஞ்சியத்தின் முழு நகலும், விவாதங்களின் நகலும், வேறொரு தளத்தில் எப்போதும் இருக்கட்டும்.

நோட்டீஸ் வந்த முதல் வாரம்

முதலாவதாக, எதையும் அழிக்கக் கூடாது. சர்ச்சைக்குரிய கமிட்டை வரலாற்றிலிருந்தே நீக்கிவிடலாம் என்ற எண்ணம் பலருக்கு இயல்பாக எழும்; அது குற்றத்தை ஒப்புக்கொண்டு சான்றையும் அழித்ததாகவே நீதிமன்றத்தில் தோன்றும். நிரலை வெளியீட்டிலிருந்து தற்காலிகமாக விலக்குவது வேறு, வரலாற்றைத் திருத்துவது வேறு. இரண்டாவதாக, ஒருவரே பேச வேண்டும். அரட்டைக் குழுவில் நண்பர்களோடு பகிரும் ஆத்திரமும் கிண்டலும் நீதிமன்றக் கோப்பில் அச்சாகி வரக்கூடியவை. வழக்கறிஞரோடு நடத்தும் உரையாடலுக்கே சட்டப் பாதுகாப்பு உண்டு. எதிர்த்தரப்பைப் பொதுவெளியில் கேலி செய்வது தரும் இன்பத்தை நான் மறுக்கவில்லை; வழக்கு முடிந்த பிறகு அதற்கு நேரம் இருக்கிறது. மூன்றாவதாக, வந்திருப்பது வெறும் நோட்டீஸா, நீதிமன்ற அழைப்பாணையா என்று பிரித்தறிய வேண்டும். நோட்டீஸில் உள்ள கெடு அவர்களே வைத்தது, அவகாசம் கேட்கலாம். அழைப்பாணையின் கெடு சட்டம் வைத்தது. தவறினால் உங்கள் தரப்பைக் கேட்காமலே தீர்ப்பாகும்.

எந்தக் கோப்பு, எந்த வரிகள், எந்தப் பதிப்பு, எந்தக் காப்புரிமையின் எந்தக் கோரல் என்று குறிப்பாகச் சொல்லும்படி எழுத்துவழி கேளுங்கள். அதே வேளையில் எதிர்த்தரப்பு உங்கள் நிரலைப் பயன்படுத்துகிறதா, அதன் உரிமத்தை மதிக்கிறதா என்றும் பாருங்கள். ஜேஎம்ஆர்ஐ என்ற மாதிரி ரயில் மென்பொருளை எழுதியவர்களிடம் காப்புரிமைக் கட்டணம் கேட்டு விலைப்பட்டியல் அனுப்பிய தரப்பே, அவர்களது நிரலைப் பெயர்க் குறிப்புகளை நீக்கிப் பயன்படுத்தியிருந்தது பின்னர் தெரிய வந்தது. திறமூல உரிமத்தின் நிபந்தனைகளை மீறுவது பதிப்புரிமை மீறலாகும் என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008இல் அறிவித்தது அந்த வழக்கில்தான்.

செலவைத் தனிமனிதர் தாங்க முடியாது. ஆகவே திட்டம் ஓரளவு வளர்ந்ததுமே சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி போன்ற ஓர் அறக்கட்டளையின் குடைக்குள் சேர்வது நன்று. சொத்தும் ஒப்பந்தங்களும் அமைப்பின் பெயரில் இருக்கும்போது, பராமரிப்பாளர் தனிப்பட்ட முறையில் குறிவைக்கப்படும் வாய்ப்பு குறையும்.

சமரசத்தில் கையெழுத்திடும் முன்

பெரும்பாலான வழக்குகள் சமரசத்தில்தான் முடிகின்றன; அதனால் வரும் இழப்பும் சிறிதன்று. பெர்க்லி யூனிக்ஸின் மீது, யூனிக்ஸின் உரிமையாளராக அப்போது இருந்த யூஎஸ்எல் நிறுவனம் 1992இல் தொடுத்த வழக்கு 1994 தொடக்கத்தில் சமரசமானபோது, சுமார் 18,000 கோப்புகளில் நீக்கப்பட்டவை மூன்றே. சுமார் 70 கோப்புகளில் பதிப்புரிமைக் குறிப்பு சேர்க்கப்பட்டது. ஆனால் அந்த இரண்டாண்டு ஐயத்தில் பயனர்கள் லினக்ஸின் பக்கம் போய்விட்டிருந்தனர். விரைவான, நேர்மையான சமரசத்தை எடுத்த எடுப்பில் ஒதுக்கத் தேவையில்லை என்று இதனால்தான் கூறுகிறேன்.

ஆனால் அதன் வாசகத்தில் ஒரு கண்ணி இருக்கலாம். ‘உங்கள் திட்டத்துக்கு மட்டும் அனுமதி தருகிறோம்’ என்று எதிர்த்தரப்பு சொன்னால், உங்களிடமிருந்து நிரலைப் பெற்று மாற்றி வெளியிடுபவர்களுக்கு அந்த அனுமதி போய்ச் சேராது. ஜிபிஎல் உரிமத்தில் உள்ள மென்பொருளுக்கு இது இன்னும் கடுமையான சிக்கல்: மற்றவர்களின் சுதந்திரத்தைக் கட்டுப்படுத்தும் நிபந்தனைக்கு நீங்கள் உட்பட்டால், மென்பொருளை விநியோகிக்கவே கூடாது என்று ஜிபிஎல் 2 உரிமத்தின் 7ஆம் பிரிவு கூறுகிறது. ஷாட்வெல் என்ற புகைப்பட மென்பொருளுக்காக 2019இல் காப்புரிமை வழக்கில் இழுக்கப்பட்ட நோம் அறக்கட்டளை, கேட்ட தொகையைக் கொடுத்து விலகிக்கொள்ளாமல் எதிர்வழக்கும் தொடுத்தது. ஆயிரக்கணக்கானோர் அளித்த நிதியும், கட்டணம் வாங்காமல் வாதாட முன்வந்த வழக்கறிஞர்களும் அதற்குத் துணை நின்றனர். 2020 மே மாதச் சமரசத்தில் அறக்கட்டளைக்கு மட்டுமன்றி, திறமூல உரிமங்களைப் பரிசீலிக்கும் ஓஎஸ்ஐ அமைப்பு அங்கீகரித்த உரிமத்தில் வெளியாகும் எந்த மென்பொருளுக்கும் எதிராக அந்தத் தரப்பின் காப்புரிமைகள் பயன்படுத்தப்படா என்ற உறுதி பெறப்பட்டது. வரைவு உங்கள் மேசைக்கு வரும்போது, விடுவிக்கப்படுவோர் யார் யார் என்று வரையறுக்கும் பத்தியை முதலில் தேடிப் படியுங்கள். கீழ்நிலைப் பயனர்களும் கிளைத் திட்டங்களும் அதில் இல்லையென்றால், தொகையைப் பற்றிப் பேசும் முன் அந்தப் பத்தியைத் திருத்தித் தரக் கேளுங்கள்.